மாறிலி

மாறு + இலி = மாறிலி. மதிப்பு மாறாதது என்று பொருள். முடிவிலி, உருவிலி, ஏதிலி ஆகிய சொற்களில் வருகிற அதே 'இலி'தான். சி என்ற நிரல்மொழியில் கான்ஸ்டன்ட் எனப்படுவதற்கு இதுவே தகுந்த தமிழ்.

மொரிசியஸ் பிள்ளைகள் இதை ஆங்கிலப் பாடத்தில் கான்ஸ்டன்ட் என்று படிக்கிறார்கள், பிரெஞ்சில் கோன்ஸ்தான்த். இரண்டுக்கும் மூலம், உறுதியாக நிற்பதைக் குறிக்கும் லத்தீன் வினை. வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்ச்சொல் இன்னும் எளிது: வேரியபிள் என்றால் மாறி, கான்ஸ்டன்ட் என்றால் மாறிலி. ஒன்றைக் கற்றால் மற்றது தானே வந்துவிடும். 'நிலையெண்' என்றும் சொல்லலாமே என்றால், அது எண்ணோடு நின்றுவிடும். சி மொழியில் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதும் ஓர் எழுத்தும் மாறிலிதான்.

சரி, எழுதும் முறைக்கு வருவோம். 230 என்று எழுதினால் அது பதின்ம முழு எண். 2.5 என்றால் இரட்டைத் துல்லிய எண், அதாவது கூடுதல் இலக்கங்கள் வரை துல்லியமாக வைக்கப்படும் புள்ளி எண். பின்னால் எஃப் சேர்த்தால் ஒற்றைத் துல்லியம். முன்னால் வரும் சுழியத்தில்தான் கவனம் வேண்டும். பக்கத்துத் தீவான ரெயூனியனிலிருந்து மொரிசியசுக்குத் தொலைபேச 00230 என்று தொடங்குவோம். அதை அப்படியே சி நிரலில் எழுதினால் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் அதை எண்ம எண்ணாக, அதாவது எட்டை அடியாகக் கொண்ட எண்ணாக, எடுத்துக்கொள்ளும்: 2×64 + 3×8 + 0, அதாவது 152. பிழை என்று எச்சரிக்கவும் செய்யாது. தொலைபேசி எண்ணை இரட்டை மேற்கோளுக்குள் எழுத்துச் சரமாக எழுதுவதே முறை.

அப்புறம் 'கான்ஸ்ட்' என்ற குறிச்சொல். டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சி மொழியில் இது கிடையாது. அந்த மொழியின் 1989 தரத்தில்தான் சேர்ந்தது. பெயரைப் பார்த்து இதையும் மாறிலி என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு என்பேன். மொரிசியசின் மதிப்புக்கூட்டு வரி 15 விழுக்காடு. 'வரி' என்ற மாறிக்குக் கான்ஸ்ட் போட்டு 15 கொடுத்தால், 15 மாறிலி. வரி என்பது மாற்றக்கூடாத மாறி, அவ்வளவே. அதற்கு நினைவகத்தில் இடம் உண்டு. ஒரு மதிப்பைப் பார்த்துப் பல வழிகளில் ஒன்றைத் தேரும் சுவிட்ச் கட்டளையில், ஒவ்வொரு வழிக்கும் உரிய மதிப்பைச் சொல்லும் கேஸ் என்ற இடத்தில் அந்த மாறியை எழுதினால் தரப்படி செல்லாது. அங்கே டிஃபைன் என்ற கட்டளை மூலம் பெயரிட்ட 15 செல்லும்; முழு எண்களுக்குப் பெயர் வைக்கும் ஈனம் என்ற பட்டியலில் வைத்த பெயரும் செல்லும். ஈனம் பெயர்களைச் சி தரமே மாறிலி வகையில்தான் சேர்க்கிறது.