கத்திரி வெயிலில் மீனுக்கு ‘இம்யூனிட்டி பவுடர்’ போடாதீர்கள்

“சார், போன வாரம்தான் இம்யூனிட்டி பவுடர் போட்டேன், அப்படியும் மீன் சாகுதே.” கத்திரி தொடங்கியதிலிருந்து தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து மீன் பண்ணைகளிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு இதே பேச்சுதான். நேற்று அழைத்தவரின் குளத்தில் தண்ணீர் 35 டிகிரி. மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. அவரோ பவுடரை இரண்டு மடங்காக்கி, தீவனத்தில் கலந்து, உச்சி வெயிலில் போட்டிருக்கிறார். மூச்சுக்குத் தவிக்கும் மீன் தின்னுமா? தீவனம் அடியில் கிடந்து அழுகி, இருந்த ஆக்சிஜனையும் தின்றுவிட்டது.

நோய் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று விற்கும் அந்தப் பவுடர்களில் பெரும்பாலும் இருப்பது ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கான். அது குடலுக்குள் போனால், ஏதோ கிருமி வந்துவிட்டது என்று மீனின் வெள்ளணுக்கள் உஷாராகின்றன. அதன் வேலை அவ்வளவுதான். அது கிருமியைக் கொல்லாது, தண்ணீரைக் குளிர்விக்காது, நோயையும் ஆற்றாது. சூட்டில் தவிக்கும் மீனின் ரத்தத்தில் கார்டிசால் ஏறியிருக்கும். அது அதே வெள்ளணுக்களை அடக்கி வைக்கும் ஹார்மோன். அந்த நேரத்தில் பவுடர் கொடுப்பது, கட்டிப்போட்ட மாட்டைச் சாட்டையால் விரட்டுவது போலத்தான்.

பவுடரே வீண் என்று சொல்லவில்லை. மார்ச்சிலேயே, மீன் நன்றாகத் தின்னும்போது, சில வாரம் தீவனத்தில் கொடுத்து நிறுத்துங்கள். வருடம் முழுக்கக் கொடுத்தால் பலன் மங்கும். அளவு மீறினால் எதிர்ப்புச் சக்தியே தளரக்கூடும். தண்ணீரில் தூவுவது காசைத் தூவுவதுதான்.

25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். 35 டிகிரியில் அது 7-ஐக்கூட எட்டாது. மீனின் தேவையோ சூட்டில் கூடுகிறது. முதலில் இதைக் கவனியுங்கள்.

தண்ணீர் ஐந்து, ஆறு அடிக்குக் குறையக் கூடாது. தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை நள்ளிரவிலிருந்து சூரியன் ஏறும்வரை நிறுத்தாதீர்கள். ஆக்சிஜன் மிகவும் குறைவது விடியலுக்கு முன்புதான். போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதனால் உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுங்கள். மீன் வாய் பிளந்தால் அன்று தீவனமே வேண்டாம். பகலில் வலை இழுக்காதீர்கள், குஞ்சும் விடாதீர்கள். பாசியால் பச்சையான குளத்தில் மாலை நேரத்தில் பிஹெச் (காரத்தன்மை) ஏற்கெனவே ஏறியிருக்கும். அப்போது சுண்ணாம்பு போட்டால், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கூடும். அப்புறம், தீவன மூட்டையைத் தகரக் கொட்டகையில் அடுக்காதீர்கள், வைட்டமின் சி வெப்பத்தில் அழிந்துவிடும்.

திலேப்பியா மீன் கண் பிதுங்கிச் சுழன்று நீந்தினால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். வெந்நீராகக் கிடக்கும் குளம் அதற்கு மிகவும் வசதி. ஆய்வகத்துக்கு, நோய் தெரியும் மீனை உயிரோடு கொண்டு வாருங்கள். அழுகிய மீனில் கொன்ற கிருமி எது, அப்புறம் வந்த கிருமி எது என்று எங்களால் பிரிக்க முடியாது.

கடைக்காரர் “எப்ப வேணும்னாலும் போடலாம்” என்று பவுடரை நீட்டினால், தயவுசெய்து காசு கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். விடியற்காலை என்றாலும் எடுப்பேன்.