தேறு: நம்புதலுக்கு இருந்த பழைய வினை

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டைக்கு விலை பேசும்போது, "மூட்டைக்கு எத்தனை கிலோ பருப்பு தேறும்?" என்று கேட்பார்கள். கடலூரில் காய்ச்சலில் கிடந்தவர் தேறிவிடுகிறார். புதுச்சேரியில் பையன் பத்தாம் வகுப்பு தேறிவிடுகிறான். தினமும் புழங்கும் இந்த வினைக்கு ஒரு காலத்தில் நம்புதல் என்று பொருள் என்றால், யாரும் சட்டென்று தேற மாட்டார்கள்.

குறுந்தொகை 21ஆம் பாட்டில் கொன்றை பூத்த காடு கார்காலம் வந்துவிட்டது என்கிறது. தலைவியோ, "யானோ தேறேன் அவர் பொய்வழங் கலரே" என்கிறாள். கார் வருமுன் திரும்புவேன் என்றவன் பொய் சொல்லமாட்டான். ஆகவே காடு சொல்வதை நம்ப முடியாது. என்ன வாதம்! குறள் 509 இன்னும் கறார்: "தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்." இதில் வருபவை இரண்டு வினைகள். தேர்தல் என்பது ஆராய்வது. தேறுதல் என்பது ஆராய்ந்தபின் ஐயம் நீங்கி நம்புவது. 'தேர்வில் தேரினான்' என்று எழுதுபவர்கள் இந்தக் குறளை ஒருமுறை படிக்கலாம்.

அடிப்படைப் பொருள் தெளிதல். பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால் வண்டல் அடியில் தங்கிவிடும். கலித்தொகையிலேயே இந்த உவமை உண்டு. கலங்கிய நெஞ்சைத் தெளிவிப்பது தேற்றுதல். ஐயம் தீர்ந்த உறுதி தேற்றம். தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் பொருள்களில் அதுவும் ஒன்று, பள்ளிக்கூடத்தில் பிதாகரஸ் தேற்றமும் அதுவே. தெளிந்த கள்ளுக்குச் சங்கப் புலவர்கள் வைத்த பெயர் தேறல். புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், 'நம்பு' முதலில் விருப்பத்தைக் குறித்த சொல். "நம்பும் மேவும் நசையா கும்மே" என்கிறது தொல்காப்பியம். தேறு விட்ட இடத்தில் பிறகு அது வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்படியானால் இன்று இந்தப் பொருளுக்கு எந்தச் சொல்லை எழுதுவது? விசுவாசம் வடசொல், கிறிஸ்தவ வழக்கில் வேரூன்றிவிட்டது, அங்கே இருக்கட்டும். பொது எழுத்துக்கு நம்பிக்கை போதும். சோதித்துப் பார்த்தபின் வரும் நம்பிக்கையைத் தனியே சொல்ல வேண்டுமானால் 'தெளிதல்' பொருந்தும். அந்தக் குறள் இடம்பெறும் அதிகாரத்தின் பெயரே 'தெரிந்து தெளிதல்'தான். தேறுதலை மீட்டுக் கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை. 'தலைவரைத் தேறினோம்' என்று இன்று எழுதினால், அச்சுப் பிழை என்றே நினைப்பார்கள்.