அந்த இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும்

14 வயதுப் பையன் ஒருவனை மாலை 5 மணிக்கு அவசரப் பிரிவுக்குக் கூட்டி வந்தார்கள். முதல் நாள் இரவு படுக்கப் போகும் நேரத்தில் வலி ஆரம்பித்திருக்கிறது. வீட்டில் "வயிறு வலிக்குது" என்று சொல்லியிருக்கிறான். அம்மா அஜீரணத்துக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறார். காலையில் இரண்டு முறை வாந்தி. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். நான் பரிசோதித்தபோது ஒரு பக்க விதைப்பை வீங்கிச் சிவந்திருந்தது. உள்ளே விதை முறுக்கிக்கொண்டு, அதற்குப் போகும் ரத்தம் நின்றுபோயிருந்தது.

விதை முறுக்கம் என்பது அப்படி அபூர்வமான நோய் அல்ல. வளரும் பையன்களுக்குத் திடீரென்று வரும். அடிவயிற்று வலியும் வாந்தியும் கூடவே வரலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அதற்கப்புறம் ஒவ்வொரு மணி நேரமும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். இவன் வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 19 மணி நேரம் ஆகியிருந்தது. அந்த விதையை அகற்ற வேண்டியதாயிற்று. இன்னொன்று முறுக்கிக்கொள்ளாதபடி தைத்து வைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அவனிடம் தனியாகக் கேட்டேன்: "ஏன்ப்பா முதலிலேயே சொல்லவில்லை?"

"அந்த இடத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல டாக்டர்."

அந்த உறுப்புக்கு அவனுக்குத் தெரிந்த ஒரே பெயர், பையன்கள் சண்டையில் கத்தும் கெட்ட வார்த்தை. அதைப் போய் அம்மாவிடம் எப்படிச் சொல்வான்?

பிள்ளைகளுக்கான மருத்துவராகப் பல வருடங்கள் வேலை பார்த்துவிட்டேன். பாலியல் கல்வி எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பையன்தான். தன் உடம்பைப் பற்றிக் கூச்சமில்லாமல் சொல்லவும் கேட்கவும் ஒரு பிள்ளைக்கு வார்த்தைகள் வேண்டும். பாலியல் கல்வியின் முதல் வேலை அந்த வார்த்தைகளைக் கொடுப்பது என்று நான் நம்புகிறேன். ஆனால் இந்தப் பாடம் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த கதையைப் பார்த்தால், அது தொடங்கிய இடமே வேறு. தொடங்கி வைத்தது பயம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடலுறவு மூலம் பரவும் சிபிலிஸ், கொனோரியா இரண்டும் நகரங்களை ஆட்டிப் படைத்தன. நம் முன்னோர் மேகநோய், வெட்டை என்றெல்லாம் சொன்னது இவற்றைத்தான். இவற்றைக் குணப்படுத்தும் பென்சிலின் வருவதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. 1913இல் அமெரிக்காவின் சிகாகோ நகரப் பள்ளிகளுக்குத் தலைமைப் பொறுப்பில் இருந்த எல்லா ஃபிளாக் யங் என்ற பெண்மணி, மருத்துவர்களை வரவழைத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு உடலைப் பற்றிப் பேச வைத்தார். கடும் எதிர்ப்பு கிளம்பியது. திட்டம் சீக்கிரமே கைவிடப்பட்டது. அந்தப் பேச்சுகளின் நோக்கமே ஒழுக்கமும் நோய்த் தடுப்பும்தான். "இப்படிச் செய்தால் இந்த நோய் வரும்" என்பதைத் தாண்டி, பிள்ளைகள் மனதில் என்ன கேள்வி இருக்கிறது என்று யாரும் பெரிதாகக் கேட்டுப் பார்க்கவில்லை.

ஸ்வீடன் கொஞ்சம் வேறு வழியில் போனது. அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் எலிசே ஓட்டெசென்-யென்சென். நார்வேயில் ஒரு போதகர் வீட்டில் 18 பிள்ளைகளில் 17ஆவதாகப் பிறந்தவர். அவருடைய தங்கை திருமணத்துக்கு முன்பே கருவுற்றாள். வெளியே தெரியாமல் இருக்க அவளை டென்மார்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தை பிறந்ததும் அவளிடமிருந்து பிரிக்கப்பட்டது. அந்த அடியிலிருந்து தங்கை மீளவே இல்லை. அக்காவோ வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கருத்தடை, பிரசவம், உடல் பற்றியெல்லாம் நேரடியாகப் பேசினார். 1933இல் அதற்கென்றே ஒரு சங்கத்தை நிறுவினார். 1955இல் ஸ்வீடன் பாலியல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். ஒரு பெண்ணுக்கு அவள் உடம்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித் தராததால் நேர்ந்த துயரம் அந்த உழைப்பின் அடியில் இருந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் 1981இல் எய்ட்ஸ் வந்தது. பயமும் திரும்பி வந்தது. அந்தக் காலத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அப்போது அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக இருந்தவர் சி. எவரெட் கூப். குழந்தைகளுக்கான அறுவை மருத்துவர், ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர், கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்தவர். அவர் தங்கள் பக்கம் நிற்பார் என்று பழமைவாதிகள் எதிர்பார்த்தார்கள். ஆனால் 1986இல் அவர் வெளியிட்ட அறிக்கை, பாலியல் கல்வியை முடிந்தவரை கீழ் வகுப்பிலேயே தொடங்க வேண்டும் என்றது. ஒருவருடைய நம்பிக்கை எதுவாக இருந்தாலும், நோயாளியின் முன்னால் நிற்கும்போது உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அந்த மனிதர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சொல்லித் தந்தால் பிள்ளைகள் சோதித்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்களோ? பெற்றோர் என்னிடம் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி இது. பயத்தில் நியாயம் இருக்கிறது, அதை நான் ஒதுக்கித் தள்ளுவதில்லை. ஆனால் பதில் கைவசம் இருக்கிறது. அமெரிக்காவில் 1996இல் ஒரு சட்டம் போட்டு, "திருமணம் வரை விலகி இரு" என்று மட்டும் சொல்லித் தரும் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அவற்றில் நான்கை ஆராய்ந்த அறிக்கை 2007இல் வந்தது. அந்த வகுப்புகளில் படித்தவர்களும் படிக்காதவர்களும் முதல் உறவில் ஈடுபட்ட சராசரி வயது ஒன்றாகவே இருந்தது. மாறாக, முழுமையான பாலியல் கல்வி பிள்ளைகளைச் சீக்கிரம் உறவுக்குத் தூண்டுவதில்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ காட்டியிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம், யுனிசெஃப் முதலியவற்றோடு சேர்ந்து 2018இல் அது வெளியிட்ட வழிகாட்டி 5 வயதிலிருந்தே தொடங்கச் சொல்கிறது.

5 வயதிலா என்று பதற வேண்டாம். அந்த வயதுக் குழந்தைக்கு உடலுறவைப் பற்றிப் பாடம் நடத்தச் சொல்லவில்லை. உறுப்புகளின் சரியான பெயர், உன் உடம்பு உன்னுடையது, யாராவது தொட்டு "யாரிடமும் சொல்லாதே" என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும், இவ்வளவுதான். குழந்தைகளிடம் தவறாக நடந்துகொள்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். வீட்டில் மட்டும் புழங்கும் செல்லப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை டீச்சரிடம் முறையிட்டால், டீச்சருக்கு என்ன புரியும்? அவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டால் அந்தக் குழந்தை இன்னொரு முறை வாயைத் திறக்குமா?

அடுத்தது பருவ மாற்றம். பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், பையன்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் மாற்றங்கள் தொடங்குவது இயல்பு. அப்படியானால் மாதவிடாய் பற்றி ஒன்பதாம் வகுப்பில் சொல்லித் தருவது மழை விட்ட பிறகு குடை கொடுப்பது மாதிரி. என்னிடம் வந்த 10 வயதுச் சிறுமி ஒருத்தி, தனக்கு உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது என்று நினைத்து நான்கு நாள் உள்ளாடையை ஒளித்து வைத்திருந்தாள். அந்த நான்கு நாளும் தான் சாகப் போவதாக நினைத்திருக்கிறாள். 13 வயதுப் பையன் ஒருவன் தூக்கத்தில் விந்து வெளியேறியதைப் பெரிய வியாதி என்று நம்பி, இணையத்தில் யாரோ விற்ற மருந்தை வாங்கிச் சாப்பிட்டிருந்தான். இரண்டு பேருக்கும் தேவைப்பட்டது முன்கூட்டியே ஐந்து நிமிடப் பேச்சு.

பள்ளிகளுக்குப் பேசப் போகும்போது ஒரு பெட்டி கொண்டுபோவேன். பெயர் எழுதாமல் கேள்வியை எழுதிப் போடச் சொல்வேன். பெரியவர்கள் பயப்படும் கேள்விகள் அதில் குறைவாகவே வருகின்றன. "எனக்கு ஒரு மார்பு மட்டும் பெரிதாக இருக்கிறது, புற்றுநோயா?" "நான் பையன், எனக்கு ஏன் மார்பு வளர்கிறது?" (பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வரும், பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானாகவே மறைந்துவிடும்.) "முத்தம் கொடுத்தால் குழந்தை பிறக்குமா?" "போட்டோ அனுப்பச் சொல்கிறான், அனுப்பாவிட்டால் பேச மாட்டேன் என்கிறான், என்ன செய்வது?" இந்தக் கடைசிக் கேள்வி இப்போதெல்லாம் ஒவ்வொரு பள்ளியிலும் வருகிறது. வேண்டாம் என்று சொல்லவும், அடுத்தவர் வேண்டாம் என்றால் அதை ஏற்றுக்கொள்ளவும் யாரும் அவர்களுக்குப் பழக்கவில்லை. பெட்டிக்குள் போடாத கேள்வி கைபேசிக்குப் போகும். அங்கே ஆபாசப் படங்கள் பாடம் நடத்தும். அவற்றில் சம்மதம் கேட்பவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

மாதவிடாய் பற்றிப் பேசும்போது பையன்களை வெளியே அனுப்பச் சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. நான் மறுத்துவிடுவேன். சட்டையில் கறை பட்ட தோழியைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெண்கள் தனியாகக் கேட்க விரும்புவதற்குத் தனி நேரம் கொடுக்கலாம், அது வேறு.

ஆசிரியர்களையும் குறை சொல்ல மாட்டேன். "இந்தப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பும் ஆசிரியருக்கும் அந்த வயதில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அந்த வார்த்தைகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகாமல் 40 பிள்ளைகள் முன்னால் நின்று சொல்ல முடியாது. பயிற்சியின்போது ஆசிரியர்களை உறுப்புகளின் பெயர்களைச் சத்தமாகச் சொல்ல வைப்பேன். முதல் சுற்றில் சிரிப்பு வரும். மூன்றாவது சுற்றில் யாரும் சிரிக்க மாட்டார்கள், அது வெறும் பெயராகிவிடும்.

போன மாதம் பெட்டியில் ஒரு சீட்டு வந்தது. "இதையெல்லாம் அம்மாகிட்ட எப்படிக் கேக்கறது?" என்று எழுதியிருந்தது. அம்மா வேறு வேலையாக இருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நின்று கேள் என்று சொன்னேன். பேச முடியாவிட்டால் எழுதிக் கொடு என்றேன். அன்று மாலை பெற்றோர் கூட்டத்தில், யார் எழுதியது என்று சொல்லாமல், அந்தக் கேள்வியைப் படித்துக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு அப்பா எழுந்து, "கேட்டால் எனக்குப் பதில் தெரியாதே" என்றார். தெரியாது என்றே சொல்லுங்கள், நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், மறுநாள் மறக்காமல் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் கைபேசியை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.