கோப்பு அனுப்புகை, தரவுத்தள அணுகல்: சொல் விளக்கம்

ஒரு கணினியின் தரவை மற்றொன்றுக்குக் கோப்பாக அனுப்பலாம், அல்லது அதன் தரவுத்தளத்தை நேரே அணுகி எடுக்கலாம். இவ்விரு வழிகளின் பெயர்களைப் பற்றியது இக்குறிப்பு. சேலம் செவ்வாய்பேட்டை மண்டிகளில் பற்றுச்சீட்டுகளை வளைந்த கம்பியில் குத்திக் கோத்து வைப்பதைப் பார்த்தவர்களுக்கு 'ஃபைல்' என்ற சொல்லின் வரலாறு எளிதில் விளங்கும். நூலைக் குறிக்கும் 'ஃபீலும்' என்ற இலத்தீனச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, தாள்களைக் கோத்துவைக்கும் நூலையும் கம்பியையும் குறித்து, நாளடைவில் கோக்கப்பட்ட கட்டுக்கே பெயராயிற்று. தமிழிலும் 'கோ' என்ற வினையடியிலிருந்தே கோவையும் கோப்பும் பிறந்தன. பேச்சில் 'கோர்த்து' என்கிறோம். 'கோத்து' என்பதே திருந்திய வடிவம், கோப்பில் ரகரம் இல்லாததே அதற்குச் சான்று.

'டேட்டா' என்பதும் இலத்தீனத்தில் 'தரப்பட்டவை' என்றே பொருள்படும். 'தரு' என்பதன் வழிவந்த தரவு அதற்கு அப்படியே பொருந்துகிறது.

இடறுவது 'டிரான்ஸ்ஃபர்' என்ற சொல்லில்தான். வழக்கில் நிலைத்துவிட்ட 'கோப்புப் பரிமாற்றம்' கொடுத்து வாங்குவதைக் குறிக்கிறது. நடப்பதோ பெரும்பாலும் ஒருவழிப் பயணம். மெயின்பிரேம் என்னும் பெருங்கணினியில் வேலைகளை மொத்தமாகச் சேர்த்து இரவில் ஓட்டும் தொகுதிப் பணி ஒன்று கணக்கு இருப்புகளைக் கோப்பாக எழுதுகிறது. அதன் நகல் மற்றொரு கணினிக்குச் செல்கிறது. மூலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே 'கோப்பு அனுப்புகை' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஏற்காட்டுத் தோட்டத்தில் எழுதப்பட்ட காப்பி இருப்புச் சீட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிச் சேலம் வந்து சேரும்போதும் எழுதிய நேரத்து இருப்பைத்தான் சொல்லும். கோப்பின் இயல்பும் அதுவே.

கணினிகளுக்கிடையே கோப்பு அனுப்பும் எஃப்டிபி (FTP) நெறிமுறையைக் கணினி அறிஞர் அபய் பூஷண் 1971இல் முதன்முதலாக வரைந்தார். ஆனால் நெறிமுறை மட்டும் போதாது. 1964இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 வழிவந்த பெருங்கணினிகளில், எழுத்துகளுக்கு எண் தரும் எப்சிடிக் (EBCDIC) குறிமுறைப்படி ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'யின் எண் 193. பிற கணினிகளின் ஆஸ்கி (ASCII) குறிமுறையில் அது 65. எழுத்துகளை மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாகப் பொதிந்து வைத்த தொகைகளையும் எழுத்தென்று கருதி மாற்றினால் தொகையே சிதைந்துவிடும். அக்கோப்பின் புல அமைப்பைக் கூறும் கோபால் (COBOL) நிரல்மொழி வரையறை கையில் இல்லாமல் இவ்வேலையில் இறங்கக் கூடாது.

மற்றொரு வழி தரவுத்தள அணுகல். 'ஆக்சஸ்' என்பதன் இலத்தீன மூலமும் நெருங்கிச் செல்வதையே சொல்வதால், அணுகல் தக்க பெயர்தான். ஐபிஎம் 1983இல் அறிவித்த டிபி2 (DB2) போன்ற தரவுத்தளத்தை வெளிச் செயலி நேரே அணுகினால், அந்த நொடியின் இருப்பு கிடைக்கும். அதற்குரிய விலையும் உண்டு: அட்டவணையின் உள்ளமைப்பை வெளியார் அறிந்தாக வேண்டும், அமைப்பு மாறினால் அவர்களது நிரலும் முறியக்கூடும், நெடுநேரம் ஓடும் வினவல், பிறர் மாற்றாதபடி தரவின்மீது போடப்படும் பூட்டுகளைப் பிடித்துக்கொண்டு மூலக் கணினியின் அன்றாட வேலையைத் தாமதப்படுத்தவும் கூடும். மறுநாள் காலைக்கு முன் தேவைப்படாத விவரத்துக்கு இந்த விலையைக் கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

'நேரடி அணுகல்' என்று மட்டும் எழுதுவதிலும் ஓர் இடர் உண்டு. பெருங்கணினியார் வழக்கில் அது ஏற்கெனவே வட்டுக்கு உரிய பெயர்: காந்த நாடாவில் முதலிலிருந்து ஓட்டிச் செல்ல வேண்டியதை வட்டில் நேரே எடுக்கலாம் என்பதால் அமைந்தது. எனவே 'தரவுத்தள நேரடி அணுகல்' என்று முழுமையாக எழுதுவதே முறை.