ஐ-20 படிவத்தில் இருக்கும் ஆறு இலக்கங்கள்

முதுநிலைக் கணினி அறிவியல் படிக்க அமெரிக்கா செல்லும் வெளிநாட்டு மாணவர்களுக்கு விண்ணப்ப ஆலோசகராகப் பணியாற்றி வருகிறேன். மார்ச் மாதம் பிறந்துவிட்டால், இரண்டு மூன்று அனுமதிக் கடிதங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, "இதில் எது பெரிய பல்கலைக்கழகம்?" என்று கேட்பவர்கள்தாம் என்னிடம் அதிகம் வருகிறார்கள். கடிதத்தின் தலைப்பில் இருக்கும் பெயரைப் படிப்பதற்கு முன்பாக நான் தேடுவது வேறு மூன்று விவரங்களை: பட்டத்தின் முழுப்பெயர், அதை நடத்தும் துறை, அதற்குரிய சிஐபி எண். பல்கலைக்கழகம் ஒன்றாகவே இருந்தாலும், அதற்குள் நடக்கும் படிப்புகள் கட்டணத்திலும், பாடத்திலும், விசா விதிகளின்படி பிற்பாடு கிடைக்கும் வாய்ப்புகளிலும் வெகுவாக வேறுபடும் என்பதே அதற்குக் காரணம்.

சிஐபி எண் என்பது அமெரிக்கக் கல்வித் துறை ஒவ்வொரு படிப்புக்கும் வகுத்திருக்கும் ஆறு இலக்கக் குறியீடு. கணினி சார்ந்த படிப்புகள் 11 என்று தொடங்கும். கணினி அறிவியலுக்குரியது 11.0701. எஃப்-1 எனும் மாணவர் விசாவுக்கு அடிப்படையாகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் பாடப்பிரிவின் பெயருக்கு அருகிலேயே இது அச்சாகியிருக்கும். படிப்பு முடிந்தபின் வேலைப் பயிற்சிக்காகத் தங்கும் ஓபிடி அனுமதி எல்லாருக்கும் 12 மாதம். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் அந்த எண் இருந்தால்தான் மேலும் 24 மாதம் நீட்டிப்புக் கோர முடியும். வணிக மேலாண்மைக்குரிய 52 வரிசையில் அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை மிகச் சிலவே.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவிக்கு, பெயர் கேட்டாலே எல்லாரும் தலையசைக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் தகவல் மேலாண்மை சார்ந்த படிப்பும், அவ்வளவாக அறியப்படாத ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலும் கிடைத்தன. அவர் முதலாவதைத் தேர்ந்தார், நானும் தடுக்கவில்லை. அந்தப் படிப்பின் எண் 52 என்று தொடங்கியதையும், அது ஸ்டெம் பட்டியலில் இல்லை என்பதையும் இரண்டாம் செமஸ்டரில்தான் இருவரும் கவனித்தோம். 36 மாதத்துக்குப் பதிலாக 12 மாதமே கிடைத்ததால், எச்-1பி எனும் வேலை விசாவுக்கு ஆண்டுதோறும் நடக்கும் குலுக்கலில் ஒரே ஒரு முறைதான் அவர் பெயர் போடப்பட்டது. அதில் விழவில்லை, திரும்பி வந்துவிட்டார். அந்த எண்ணை முதலிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டியவன் நான்தான். அன்றிலிருந்து, பட்டதாரிச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எண்ணை எழுத்தில் பெறாமல் எந்தப் படிப்பையும் நான் பரிந்துரைப்பதில்லை.

எண் சரியாக இருந்தாலும் பட்டத்தின் வகை மாறலாம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-சாம்பெய்ன் வளாகத்தில் ஆய்வேட்டுடன் கூடிய எம்.எஸ். பட்டமும், பாடங்களை மட்டும் முடித்துப் பெறும் எம்.சி.எஸ். பட்டமும் தனித்தனியே உள்ளன. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பள்ளியிலோ, ஒவ்வொரு துறையும் தனக்கென முதுநிலைப் படிப்புகளை வைத்திருக்கிறது. முனைவர் பட்டத்தை மனத்தில் வைத்திருப்பவருக்கு ஆய்வேடு வேண்டும். நேரே வேலைக்குப் போக நினைப்பவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. வளாகத்தையும் பார்க்க வேண்டும்: நார்த்ஈஸ்டர்ன் போன்ற பல்கலைக்கழகங்கள் பாஸ்டன், சியாட்டில், சான் ஹோசே எனப் பல நகரங்களில் இயங்குகின்றன, கடிதத்தில் எந்த நகரம் குறிக்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் வகுப்பு.

தரவரிசைப் பட்டியல்களை ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். யு.எஸ். நியூஸ் வெளியிடும் பட்டமேற்படிப்புக்கான கணினி அறிவியல் பட்டியல், பிற பல்கலைக்கழகங்களின் கல்வியாளர்கள் தரும் மதிப்பெண்களை மட்டுமே கொண்டு உருவாவது. பேராசிரியர் எமரி பெர்கர் தொடங்கிய சிஎஸ்ரேங்கிங்ஸ், முன்னணி மாநாடுகளில் ஒவ்வொரு துறையின் பேராசிரியர்களும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளைக் கணக்கிடுகிறது. முனைவர் பட்ட வழிகாட்டியைத் தேடுவோருக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் முதுநிலை மாணவர் அமரப்போகும் வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள், அந்தப் புகழ்பெற்ற பேராசிரியர் அங்கே பாடம் எடுக்கிறாரா என்ற கேள்விகளுக்கு இரண்டு பட்டியலிலும் விடை கிடையாது. சம்பள விவரம் தரும் அரசின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தையும் பலர் நம்புகிறார்கள். அது கூட்டரசின் கல்வி உதவி பெற்றவர்களின் வருமானத்தைச் சொல்வதால், வெளிநாட்டு மாணவர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

இவற்றைக் காட்டிலும் எனக்கு உதவுவது, பல பல்கலைக்கழகங்கள் இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கும் வகுப்பு அட்டவணை. பாடப்பட்டியல் வேறு, அட்டவணை வேறு. முன்னதில் நாற்பது பாடங்கள் அழகாக அடுக்கப்பட்டிருக்கும். கடந்த நான்கு செமஸ்டர்களின் அட்டவணையைத் திறந்து பார்த்தால் அவற்றில் பாதி நடத்தப்படவே இல்லை என்பது தெரியவரும். கணினிப் பாதுகாப்புப் படிக்க ஆசைப்பட்டு ஒரு துறையைத் தேர்ந்த மாணவரிடம் அப்படித் தேடிப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பாடத்தை நடத்திய பேராசிரியர் விலகிய பிறகு இரண்டு ஆண்டுகளாக அது அட்டவணையில் வரவில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை இடங்கள், எவ்வளவு நிரம்பியிருக்கின்றன, காத்திருப்போர் எத்தனை பேர் என்பவற்றைக்கூடச் சில பல்கலைக்கழகங்கள் அதே பக்கத்தில் காட்டுகின்றன. இயந்திரக் கற்றல் வகுப்பின் இடங்கள் பதிவு தொடங்கிய முதல் நாளிலேயே தீர்ந்துபோகும் துறையில் சேர்ந்தால், அந்தப் பாடத்துக்காகவே கடல் கடந்து போனவர் வேறெதையோ படித்துவிட்டுத் திரும்ப நேரும். ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டால் இவ்வளவும் தெரிந்துவிடும். ஏனோ தரவரிசைக்குச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இதற்கு யாரும் ஒதுக்குவதில்லை.

போலிகளைக் கண்டறியவும் இந்த அட்டவணையே துணை. கலிஃபோர்னியாவின் பிளசன்டனில் இயங்கிய ட்ரை-வேலி பல்கலைக்கழகத்தை 2011 ஜனவரியில் அதிகாரிகள் சோதனையிட்டு மூடியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் ஒரே நாளில் விசா நிலையை இழக்கும் அபாயத்துக்கு உள்ளானார்கள். சிலர் காலில் கண்காணிப்புக் கருவியுடன் நடமாட நேர்ந்தது. 2019 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த மிச்சிகனின் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகமோ, விசா மோசடியைப் பிடிப்பதற்காக அரசே நடத்திய பொறி. அரசின் பட்டியலிலும் ஓர் அங்கீகார அமைப்பின் இணையதளத்திலும் அதன் பெயர் இருந்தது. ஆகவே பட்டியலில் பெயர் இருப்பது ஒன்றே போதாது. அங்கே இல்லாதவை வகுப்புகளும் பேராசிரியர்களும்தாம்.

படிக்கும்போதே படிப்பின் பகுதியாக வேலை செய்ய விடும் சிபிடி அனுமதியில், சேர்ந்த முதல் நாளிலிருந்தே முழுநேர வேலை என்று விளம்பரப்படுத்தும் நிறுவனங்களை நான் தொடுவதில்லை. முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டுவிட்டால் அந்தப் பட்ட நிலைக்குரிய ஓபிடி உரிமை போய்விடும் என்பது ஒருபுறம். பின்னாளில் விசா நிலை மாற்றத்தின்போது, உண்மையிலேயே படித்தீர்களா என்ற கேள்விக்குச் சான்றுகளோடு பதில் சொல்ல வேண்டிவரும் என்பது மறுபுறம். எச்-1பி ஒதுக்கீட்டில் பொதுப்பிரிவுக்கு 65,000 இடங்களும், அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்குத் தனியே 20,000 இடங்களும் உண்டு. அந்த 20,000-க்குள் வரவேண்டுமானால், பட்டம் தந்தது அரசு நிறுவனமாகவோ இலாப நோக்கற்ற நிறுவனமாகவோ இருப்பதோடு, அங்கீகாரமும் பெற்றிருக்க வேண்டும். இலாப நோக்கில் நடக்கும் பல்கலைக்கழகத்தின் பட்டம், அங்கீகாரம் பெற்றிருந்தாலும், இதற்குச் செல்லாது. ஏசிஐசிஎஸ் என்ற அங்கீகார அமைப்பே 2022-இல் கல்வித் துறையின் ஏற்பை இழந்தது என்பதால், எந்த அமைப்பு அங்கீகரித்திருக்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

நாட்காட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிபிடி அனுமதி பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்த பிறகே கிடைக்கும். ஆகஸ்டில் சேர்பவர் அடுத்த கோடையில் இன்டர்ன்ஷிப் செய்யலாம். ஜனவரியில் சேர்பவருக்கோ முதல் கோடை வரும்போது ஒரு செமஸ்டர்தான் முடிந்திருக்கும். ஒன்பது பத்து மாதத்தில் முடியும் படிப்புகளில் நடுவில் கோடையே வராது. விமானத்திலிருந்து இறங்கிய சில வாரங்களிலேயே, செப்டம்பர், அக்டோபரில் நடக்கும் வேலைத் தேர்வுகளுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். பணி அனுபவம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவரும். கல்லூரியிலிருந்து நேரே வருபவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

ஐ-20 படிவத்தில் செலவு என்று காட்டப்படும் தொகை, முழுப் படிப்புக்கும் உரியது என்று பல குடும்பங்கள் எண்ணிவிடுகின்றன. அந்தக் கட்டத்தின் மேலேயே எத்தனை மாதத்துக்கான கணக்கு என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் அது 9 அல்லது 12. இரண்டாம் ஆண்டுக்கான பணம் அதில் அடங்காது. வகுப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்ய முடியும் என்பதால், அந்த வருமானம் கல்விக் கட்டணத்துக்கு ஈடாகாது. முனைவர் படிப்பில் கட்டண விலக்கும் உதவித்தொகையும் வழக்கம். முதுநிலையில் அவை விதிவிலக்கு. ஜார்ஜியா டெக் 2014 முதல் நடத்தும் இணையவழிக் கணினி அறிவியல் முதுநிலைப் படிப்பு 10,000 டாலருக்குள் முடிந்துவிடும். ஆனால் அதற்கு எஃப்-1 விசா கிடையாது, ஆகவே ஓபிடியும் கிடையாது. படிப்பு மட்டுமே நோக்கம் என்றால் அதைவிட மலிவான நல்ல வழியை நான் கண்டதில்லை.

என் தொழிலைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாணவரைச் சேர்த்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று முகவர்களுக்குப் பணம் கொடுக்கும் வழக்கத்தை அமெரிக்க உயர்கல்விச் சட்டம் உள்நாட்டு மாணவர்கள் விஷயத்தில் தடுக்கிறது. வெளிநாட்டில் வசிக்கும், கூட்டரசு உதவிக்குத் தகுதியற்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. உங்கள் ஆலோசகர் ஒரே பல்கலைக்கழகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அங்கிருந்து அவருக்கு ஏதேனும் கிடைக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். என்னையும் சேர்த்துத்தான்.

வேலை விசாவின் விதிகள் எந்தப் பல்கலைக்கழகத்தின் கையிலும் இல்லை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் நிலையிலிருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் அக்டோபரில்தான் வந்தது. இடைப்பட்ட அந்த ஒரு மாதத்தில் என் தொலைபேசி ஓயவில்லை. கடன் வாங்கிச் செல்பவர்கள், மூன்று ஆண்டு ஓபிடி வருமானத்தில் கடனை அடைக்க முடியுமா என்று மட்டும் கணக்கிட வேண்டும். எச்-1பியை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

முடிவெடுக்க அவசரப்படுத்தும் கடிதம் வந்தால், நிதியுதவியோடு கூடிய அழைப்புகளுக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்லக் காத்திருக்கலாம் என்ற உடன்பாட்டில் பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருப்பதை நினைவில் கொள்ளுங்கள். விசா நேர்காணலுக்கு எந்த ஐ-20 படிவத்தைக் கொண்டுபோகிறீர்களோ, அதைத் தந்த கல்வி நிறுவனத்தில்தான் முதலில் சேர வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடாகிய செவிஸுக்குரிய 350 டாலர் கட்டணத்தைச் செலுத்திய பின் மனம் மாறினால், அந்தக் கட்டணத்தைப் புதிய ஐ-20 எண்ணுக்கு மாற்றிக்கொள்ளும்படி கேட்கலாம். ஆனால் அந்த மாற்றத்தை நேர்காணலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.