குணத்துக்குப் பொருந்தும் செண்ட், தோலுக்குப் பொருந்துமா?

டிசம்பர் பிறந்துவிட்டால், சேலத்தில் தோல் மருத்துவம் பார்க்கும் என்னிடம் ஒரே மாதிரியான கழுத்துகள் வரத் தொடங்கிவிடுகின்றன. காதுக்குப் பின்னால் சிவந்து, அங்கிருந்து தொண்டைக்குழியை நோக்கி ஏதோ வழிந்தது போல் கோடு விழுந்து, சொறிந்து சொறிந்து நீர் கசியும் கழுத்துகள். சென்ற வாரம் வந்த இளம்பெண்ணுக்குக் கண்ணிமைகளும் வீங்கியிருந்தன. வீட்டை நேசிக்கும், பாசமான, அமைதியான குணம் கொண்டவர்களுக்குப் பட்டையும் கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் வெனிலாவும் கலந்த பண்டிகைக்கால வாசனைதான் பொருந்தும் என்று கைப்பேசியில் எங்கோ படித்துவிட்டு, அவருடைய தோழி கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கித் தந்த புட்டிதான் காரணம். இத்தகைய நோயாளிகளை ஆண்டுதோறும் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வாசனையின் மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்ற இடைநிலையத்தின் வழியாகச் சுற்றிச் செல்ல, மணத்தின் செய்தி மட்டும் மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேராகவே போய்ச் சேர்கிறது. ஆகவே கிராம்பு மணத்தில் ஒருவருக்கு ஏற்காட்டுக் குளிரில் சாப்பிட்ட பிளம் கேக்கும், இன்னொருவருக்கு ரம்ஜான் பிரியாணியும், வேறொருவருக்குப் பல்வலியும் நினைவுக்கு வருவது இயல்பே. அது அவரவர் வளர்ந்த வீட்டின் நினைவேயன்றி அவரவர் குணம் அன்று. பாசமானவருக்கு ஒரு தோல், முன்கோபிக்கு ஒரு தோல் என்று நான் இதுவரை பார்த்ததில்லை.

என்னை மிகவும் சோர்வடையச் செய்யும் வாதம் வேறொன்று. "பட்டை, கிராம்பைத் தினமும் சாப்பிடுகிறோமே டாக்டர், வயிற்றுக்குள் போனாலே ஒன்றும் செய்யாதது தோலுக்கு என்ன செய்துவிடும்?" என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். இதைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். குழம்பில் போடும் இரண்டு கிராம்பில் இருக்கும் எண்ணெய் மிகச் சொற்பம். கிராம்பு எண்ணெய் என்று புட்டியில் வருவதோ, ஏறத்தாழப் பத்தில் எட்டுப் பங்கு யூஜெனால் என்ற ஒரே வேதிப்பொருளாகவே இருக்கும். பட்டை எண்ணெயின் பெரும்பகுதி சின்னமால்டிஹைடு. அளவு ஒருபுறமிருக்க, வழியும் வேறு. உணவாக வருவதைப் பொறுத்துக்கொள்ளக் குடலின் எதிர்ப்பு மண்டலம் பழகியிருக்கிறது. தோலோ, தன் வழியாக நுழைவதைச் சந்தேகத்தோடு பார்க்கும் உறுப்பு. இந்தச் சிறு மூலக்கூறுகள் தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும்போது, உடல் அவற்றை அந்நியரென்று குறித்து வைத்துக்கொள்கிறது.

இயற்கையானது, ரசாயனம் இல்லாதது என்ற சமாதானத்துக்கும் இங்கே இடமில்லை. கிராம்பிலிருந்து எடுத்த யூஜெனாலும் ஆலையில் செய்த யூஜெனாலும் ஒரே மூலக்கூறுதான். வாசனைப் பொருள் ஒவ்வாமையைக் கண்டறிய நாங்கள் பயன்படுத்தும் முதன்மைக் கலவையில் எட்டுப் பொருள்கள் உள்ளன. அவற்றில் சின்னமால் (மேலே சொன்ன சின்னமால்டிஹைடுதான்), சின்னமைல் ஆல்கஹால், யூஜெனால், ஐசோயூஜெனால் என நான்கு, இந்த மசாலா மணக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இதமான வாசனை என்று விற்கப்படுவது, ஒவ்வாமைப் பட்டியலில் பாதியைத் தன்னிடம் வைத்திருக்கக்கூடிய வாசனை என்பதை வாங்கும்போதே அறிந்திருங்கள்.

"பல வருடமாகப் போடுகிறேன், இப்போது மட்டும் எப்படி வரும்?" என்பது அடுத்த கேள்வி. ஒவ்வாமை முதல் நாளே வருவதில்லை. பழகப் பழகத்தான் வருகிறது, வந்தபின் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. மேலும், பூசிய மணி நேரத்தில் அன்றி ஒன்று முதல் மூன்று நாள் கழித்தே தடிப்பு எழும் என்பதால், பழி வேறெதன் மீதோ விழுகிறது. நம் ஊரில் அந்தப் பழி முதலில் கவரிங் செயின் மீதுதான் விழும். நிக்கல் ஒவ்வாமை சேலத்தில் எனக்கு அன்றாடக் காட்சி என்பதால் அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் செயினால் வருவது செயின் படியும் தடத்திலேயே நிற்கும். தெளித்த செண்ட் வழிந்த தடத்தில் இறங்கும். ஆண்களுக்குத் தொண்டைக் குருத்தெலும்பு புடைத்திருக்கும் இடத்தில் ஒரு திட்டாக வந்தால், நான் முதலில் கேட்பது என்ன செண்ட் என்பதைத்தான்.

ஏற்காட்டுக்குப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் டிசம்பர்க் காற்றில் தோல் உலர்ந்து வெடிக்கிறது. வெடித்த தோலுக்குள் எதுவும் எளிதாக இறங்கும். அதன்மேல் செண்ட் அடித்து மஃப்ளரையும் சுற்றிக்கொண்டால், அதை மணிக்கணக்கில் கழுத்தோடு வைத்துக் கட்டியதாகிறது. மலைவாசத்தலக் கடைகளில் சிறு புட்டிகளில் விற்கும் பட்டை எண்ணெயையும் கிராம்பு எண்ணெயையும் வாங்கி, செண்ட் போல அப்படியே கழுத்தில் தடவிக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்கு வருவது பல நேரங்களில் ஒவ்வாமைகூட இல்லை, நேரடியான ரசாயனப் புண். வீட்டிலேயே செண்ட் கலக்குகிறேன் என்று பெர்கமாட் போன்ற எலுமிச்சை இன எண்ணெய்களைச் சேர்த்துப் பூசிக்கொண்டு மலை வெயிலில் படகுச் சவாரிக்குப் போனால், வழிந்த இடமெல்லாம் கருத்துவிடும். நம் மாநிறத் தோலில் அந்தக் கறை மறைய மாதங்கள் ஆகும்.

இனிச் செய்ய வேண்டியவை. மசாலா வாசனை பிடித்திருந்தால் துணியில் தெளியுங்கள், அதுவும் தோலை ஒட்டாத மேல்துணியில். சவரம் செய்த, மெழுகால் முடி நீக்கிய, ஏற்கெனவே கரப்பான் (எக்ஸிமா) உள்ள தோலில் தெளிக்கவே கூடாது. புதுப் புட்டியை முழங்கை மடிப்புக்குக் கீழே, முன்கையின் உட்புறத்தில், ஒரே இடத்தில் நாளுக்கு இரண்டு முறை ஒரு வாரமேனும் பூசிப் பாருங்கள். கடையில் மணிக்கட்டில் ஒரு தடவை தெளித்துப் பார்ப்பது மூக்குக்கான சோதனை மட்டுமே. காற்றுப் பட்டுப் பழசான புட்டியை விட்டுவிடுங்கள். லிமோனீன், லினலூல் போன்ற வாசனைப் பொருள்கள் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்தபின் ஒவ்வாமையை இன்னும் தூண்டும். செண்டில் பெரும்பங்கு ஆல்கஹால் என்பதால், கிறிஸ்துமஸ் குடில் முன்னால் மெழுகுவர்த்தி எரியும்போது அருகில் நின்று தெளிக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணாடி மூடிய வண்டிக்குள் தெளித்து, உடன் வரும் ஆஸ்துமாக்காரரைத் தவிக்க விடாதீர்கள். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். அட்டைப்பெட்டியின் பொடி எழுத்தையும் படியுங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 26 வாசனைப் பொருள்களின் பெயரைத் தனியே அச்சிட வேண்டும் என்ற விதி 2005 முதல் நடைமுறையில் உள்ளது, 2023-இல் பட்டியல் 80-ஐத் தாண்டியும் விரிந்தது. எனவே அங்கிருந்து வரும் புட்டிகளில் மேலே சொன்ன பெயர்களைத் தேட முடியும்.

தடிப்பு வந்துவிட்டால் எலுமிச்சைச் சாறு வேண்டாம், பச்சை மஞ்சள் அரைத்துப் பூசுவதும் வேண்டாம். தயவுசெய்து, கெஞ்சிக் கேட்கிறேன், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ட்யூபைத் தடவாதீர்கள். அவற்றில் பல, வீரியமிக்க ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் சேர்ந்த கலவைகள். சில நாளில் அடங்குவது போலத் தெரிந்து, பின்பு தோலை மெலிய வைத்துவிடும். நான் பார்த்த அந்தப் பெண்ணின் இமைகளை மோசமாக்கியதும் அப்படி ஒரு ட்யூப்தான். வெறும் தண்ணீரால் கழுவி, வாசனையற்ற வாசலின் தடவி, மருத்துவரிடம் வாருங்கள்.

எந்தப் பொருளுக்கு ஒவ்வாமை என்று கண்டறியும் பேட்ச் டெஸ்ட்டில், சந்தேகத்துக்குரிய பொருள்கள் தடவிய ஒட்டுத்துண்டுகளை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுப்போம்; அதன்பின் இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். "எடுத்தாயிற்றே" என்று இரண்டாம் முறை வராமல் இருந்துவிடாதீர்கள், தாமதமாக எழும் தடிப்பைத் தவறவிட்டுவிடுவோம். யூஜெனாலுக்கு ஒவ்வாமை என்று தெரிந்தால் அதை எழுதி வைத்துக்கொண்டு பல் மருத்துவரிடமும் காட்டுங்கள், பல் குழியைத் தற்காலிகமாக அடைக்கும் சிமெண்டிலும் அது உண்டு. பட்டை மணம் கொண்ட பற்பசையையும் சூயிங்கத்தையும் ஒதுக்குங்கள். சோதனைக்கு வரும்போது சந்தேகப்படும் புட்டியை அதன் அட்டைப்பெட்டியோடு எடுத்து வாருங்கள். ஆத்திரத்தில் அதைக் குப்பையில் வீசிவிட்டு வெறுங்கையோடு வந்தால், நான் எதை வைத்துச் சோதிப்பது?