ப்ளீச்சிங் வாடை வந்தால் நல்லது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது எங்கள் வீட்டு சம்ப்பிலும் சாக்கடை கலந்த வெள்ளம் இறங்கிவிட்டது. வடிந்ததும் மோட்டார் போட்டு இறைத்து, கழுவி, லாரித் தண்ணீர் நிரப்பினோம். அப்புறம் பரணிலிருந்து ப்ளீச்சிங் பவுடரை எடுத்தேன். 2015 வெள்ளத்துக்கு வாங்கியது. ரப்பர் பேண்ட் போட்ட கவருக்குள் நமத்துப்போன உப்பு மாதிரி கட்டி கட்டியாக இருந்தது. மோந்து பார்த்தால் மூக்கில் ஏறவே இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், அள்ளிக் கொட்டிவிட்டேன்.

நீற்றிய சுண்ணாம்பில் குளோரினை ஏற்றினால் கிடைப்பதுதான் ப்ளீச்சிங் பவுடர். புதிதாக இருக்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வேலை செய்யக்கூடிய குளோரின். ஈரம், வெயில், சூடு எது பட்டாலும் அது மெல்ல மெல்ல வெளியேறிவிடும். நான் கொட்டியது கிட்டத்தட்ட வெறும் சுண்ணாம்பு.

நல்ல பொடியைக் கரைத்தால் தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலம் உருவாகிறது. பாக்டீரியாவின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. இந்த அமில மூலக்கூறுக்கோ மின்னூட்டமே இல்லை. அதனால் விரட்டப்படாமல் சுவரைக் கடந்து உள்ளே போய், கிருமி உயிர்வாழத் தேவையான புரதங்களைச் சிதைத்துவிடுகிறது.

ஆனால் குளோரினுக்குக் கிருமி, சேறு என்ற பேதமெல்லாம் கிடையாது. அழுகிய இலை, சாக்கடைக் கழிவு என்று எதைக் கண்டாலும் அதோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். எனவே எவ்வளவு போட்டோம் என்பதைவிட எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் கணக்கு. கலந்து அரை மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லேசான ப்ளீச்சிங் வாடை வந்தால், இருந்த அழுக்கையெல்லாம் முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் காவலுக்கு நிற்கிறது என்று அர்த்தம். வாடை பிடிக்காதவர்கள் குடத்தைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் போய்விடும். காவலும் கூடவே போய்விடும்.

தெளிந்த தண்ணீர் 1000 லிட்டருக்கு நல்ல பொடி சுமார் 2.5 கிராம் போதும். 6000 லிட்டர் சம்ப்புக்கு 15 கிராம். அப்படியே தூவக் கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும்.

தண்ணீர் கலங்கலாக இருந்தால் கிருமி மண் துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் முதலில் தெளிய வைக்க வேண்டும். கிராமத்தில் பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரைத்தார்களே, அதுவும் படிகாரமும் செய்வது ஒரே வேலை: மண் துகள்களைத் திரட்டி அடியில் படிய வைப்பது. தெளிந்துவிட்டதே என்று அப்படியே குடித்துவிடக் கூடாது.

கொதிக்க வைத்தால் போதாதா என்றால், கிருமி சாக அது இன்னும் உறுதியான வழிதான். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு அசராது, கொதிநீரில் செத்துவிடும். ஆனால் ஆறிய தண்ணீரில் காவல் இல்லை. யாராவது விரல் நனைய டம்ளரை விட்டு மொண்டால் கதை பழையபடி ஆரம்பமாகும். கரண்ட் இல்லாத நாட்களுக்கு, குழாய் வைத்த மூடி போட்ட டிரம் ஒன்று வீட்டில் இருப்பது இதற்காகத்தான்.

இப்போதெல்லாம் புரட்டாசி முடிவதற்குள் அரை கிலோ புதுப் பொடி வாங்கி, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி நிழலில் வைத்துவிடுகிறேன். போன வருடத்துப் பொடி வாசல் சாக்கடைக்குப் போகும். பாத்ரூமுக்கு மட்டும் போகாது. அங்கே ஆசிட் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு.